வலது காதுக்கு வந்த சோதனை

"உனக்கு வலது காதுன்னு ஒண்ணு இருக்கறதையே மறந்துடு" என்றான் கண்டக்டர்.

நர்ஸான அவன் மனைவி பேசாமல் நின்றாள். வலது பக்கம் நின்று சொன்னால் அவளுக்கு எப்படிக் கேட்கும்? தலையில் அடித்துக்கொண்டு இடது பக்கம் சுற்றி வந்து, அதையே மறுபடி சொன்னான்.

"சின்ன வயசுலேர்ந்து அதைத்தானே பண்றேன்" என்றாள் நர்ஸ்.

எப்போதோ வந்த ஒரு காய்ச்சல் அவளுடைய வலது காதை மொத்தமாக எடுத்துக்கொண்டு போய்விட்டது. கட்டினவனுக்கே விஷயம் தெரிய ஆறு மாதம் பிடித்தது. அதுவரை அவன் அந்தப் பக்கமாகப் படுத்துக்கொண்டு கொஞ்சிய கொஞ்சலெல்லாம் வீண்.

இப்போது ராணுவ ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், நர்ஸ் வேலைக்கான உடல் தகுதிச் சோதனைக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். இந்த வருஷம் விட்டால் வயது தாண்டிவிடும். அவள் வேலை பார்க்கும் கிளினிக்கில் முதலாளி டாக்டர் அவளை "ஏய்" என்றுதான் கூப்பிடுவார். ராணுவத்தில் நர்ஸுக்கு சல்யூட் அடிப்பார்களாம். அந்த ஒரு சல்யூட்டுக்காக அவள் எதையும் செய்வாள்.

"ஏங்க, பேசாம உண்மையைச் சொல்லிடட்டுமா?"

"தாராளமாச் சொல்லு. சொல்லிட்டு நேரா கிளினிக்குக்குப் போ. 'ஏய்'னு கூப்பிட ஆள் காத்துக்கிட்டிருக்கு."

அவள் வரிசையில் ஓர் அடி முன்னால் நகர்ந்தாள்.

சோதனை முடிந்து வந்த பெண்கள் சிரித்துக்கொண்டே வந்தார்கள். "பின்னாடி நின்னு ஒரு நம்பரை ரகசியமாச் சொல்றாராம். கேட்டுத் திருப்பிச் சொல்லணும். அந்த ரகசியம் வாசல் வரைக்கும் கேக்குது!"

கண்டக்டரின் முகம் மலர்ந்தது. "அப்பப் பிரச்சினையே இல்ல. நான் ஜன்னலுக்கு வெளியே நிக்கறேன். அவர் சொல்ற நம்பரை விரல்ல காட்டறேன். எத்தனை வருஷமா ஓடற பஸ்ஸுல விரலைக் காட்டியே டிக்கெட் கிழிச்ச கை இது!"

உள்ளே ராணுவ டாக்டர் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். சுவரில், ஒரு பீரங்கியின் மேல் கைபோட்டபடி அவர் வாலிபத்தில் எடுத்துக்கொண்ட படம் தொங்கியது. பக்கத்தில் அவருடைய ஆர்டர்லி, வயதான சிப்பாய், பஞ்சோடு நின்றான்.

"நிமிர்ந்து நில்லு!" என்று டாக்டர் இடி மாதிரி முழங்கினார். "என் மூஞ்சியைப் பார்த்துப் பேசணும். தரையைப் பார்த்துப் பேசறது ராணுவத்துல ஆகாது. உடம்புல ஏதாவது குறை இருக்கா?"

"இல்ல சார்."

பொய் வெளியே வரும்போது தலை தானாகக் குனியப் பார்த்தது. பிடித்து நிறுத்தினாள்.

இடது காது சுலபமாகத் தேறியது. பிறகு ஆர்டர்லி இடது காதில் பஞ்சை வைத்து, அதன்மேல் தன் முரட்டுக் கையால் அழுத்திக்கொண்டான். டாக்டர் பின்னால் போய் நின்றார். அவளுக்கு எங்கோ பஸ் உறுமுவது போல ஒன்று தெரிந்தது, நம்பர் தெரியவில்லை. ஜன்னலைப் பார்த்தாள். இரண்டு விரல் தெரிந்தது.

"ரெண்டு!"

"சரி!"

நாலு விரல்.

"நாலு!"

"சரி!"

சல்யூட் கண்ணெதிரே வந்து நின்றது. அப்போது கண்டக்டர் திடீரென்று இரண்டு கையையும் மேலே தூக்கினான்.

"பத்து!" என்றாள் உற்சாகமாக.

"சரி!"

அப்புறம்தான் அவனுக்குப் பின்னால் துப்பாக்கியோடு நின்ற காவல்காரனைக் கவனித்தாள். காவல்காரன் ஒரு கையை முறுக்கிப் பிடிக்க, கண்டக்டர் மிச்சமிருந்த கையை அவளைப் பார்த்துப் பரிதாபமாக ஆட்டினான்.

"அ... அஞ்சு?"

"சரி!"

ஜன்னல் காலியாகிவிட்டது. டாக்டர் மறுபடி உறுமினார். அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

"சைபர்."

"சரி! பிரமாதமான காது!" என்று டாக்டர் நாற்காலிக்குத் திரும்பினார். ஆர்டர்லி மட்டும் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

காவல்காரன் வாசலில் வந்து ஆர்டர்லியிடம் ஏதோ சொன்னான். ஆர்டர்லி டாக்டருக்கு நேரே வந்து நின்றான். "சார், ஜன்னலோரம் ஒருத்தன் விரலால ஜாடை பண்ணிக்கிட்டிருந்தானாம். உளவாளின்னு பிடிச்சு வெச்சிருக்காங்க. ஆள் பஸ் கண்டக்டர்ங்கறான்."

"போய் என்னன்னு பாரு."

ஆர்டர்லி போனான். நர்ஸ் காலி ஜன்னலைப் பார்த்தாள். சல்யூட்டுக்கு ஆசைப்பட்டுப் புருஷனை உளவாளியாக்கிவிட்டோமே! தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கால் கட்டைவிரலைப் பார்த்தபடி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"எனக்கு வலது காது கேக்காது சார். ஜன்னல்ல நின்னது என் வீட்டுக்காரர். வார்டுல ஒரு நோயாளி வலது பக்கம் படுத்துக்கிட்டுத் தண்ணி கேட்டா, எனக்குத் தெரியாமலே போயிடும் சார். அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு. என்னை வேணாம்னு சொல்லுங்க. அவரை விட்டுடச் சொல்லுங்க."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. டாக்டர் தலையாட்டிக்கொண்டே எழுந்து வந்து அவள் தோளைத் தட்டினார்.

"அட, இதுக்குப் போய் அழறதா? இங்க வர்ற எல்லாருக்கும் இருக்கறதுதான். எனக்கும் ஆரம்பத்துல இருந்துச்சு. ரெண்டு மாசம் போனாத் தானாச் சரியாயிடும்."

டப்பென்று முத்திரை குத்தினார். தகுதி!

அவள் கிட்டத்தட்ட ஓடித்தான் வெளியே வந்தாள். செத்துப்போன காது இரண்டு மாதத்தில் எப்படிச் சரியாகும் என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். ராணுவத்தில் நல்ல மருந்து இருக்கும் போலிருக்கிறது. எப்படியோ, பொய் சொன்ன பாரம் இறங்கிவிட்டது. அத்தனை லேசாக அவள் இருந்து வெகுநாளாயிற்று.

காவல் அறைப் பெஞ்சில் கண்டக்டர் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஆர்டர்லி.

"எல்லாத்தையும் சொல்லிட்டேங்க! காது விஷயம், நீங்க விரல் காட்டினது, எல்லாம். மனுஷன் தெய்வம்! குறையெல்லாம் ஒண்ணுமே இல்லன்னு வேலையும் கொடுத்துட்டார். அண்ணே, இவரையும் விடச் சொல்லிக் கேட்டேன், தலையாட்டினார்."

ஆர்டர்லி மோவாயைச் சொறிந்தான். "அவர் மூஞ்சியைப் பார்த்துச் சொன்னியாம்மா?"

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுண்ணே பார்க்கறது? வெக்கத்துல குனிஞ்ச தலை நிமிரல. தரையைப் பார்த்துத்தான் சொன்னேன்."

"அப்பத் திரும்பப் போய் முதல்லேர்ந்து சொல்லும்மா" என்று பெருமூச்சு விட்டான் ஆர்டர்லி. "பீரங்கி பக்கத்துலயே நின்னு அய்யாவுக்கு ரெண்டு காதும் போயாச்சு, உதட்டைப் பார்த்தாத்தான் அவருக்குக் கேக்கும்."