வெளிநாட்டுப் படி விஷயமாக மாமாவுக்கு

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். அங்கே நீங்களும் அத்தையும் உங்கள் முழங்கால் வலியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தலைமை அலுவலகத்துச் சம்பளப் பிரிவே உங்கள் கையில் இருப்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். அட்டைப்பெட்டி மடிக்கும் இயந்திரத்தை இந்த நாட்டுத் தொழிற்சாலைக்கு மாற்றியபோது, அதை ஓட்டத் தெரிந்தவன் என்று என்னையும் கூடவே அனுப்பினீர்கள். இயந்திரத்துக்கு இன்சூரன்ஸ் போட்டீர்கள். எனக்கு நம் ஊர்ச் சம்பளமும் சாப்பாட்டுப் படியும் போட்டீர்கள். பக்கத்தில் நிற்கிற உள்ளூர்க்காரன், நாங்கள் நெட்டையன் என்று கூப்பிடுகிறவன், என்னிடம் வேலை கற்றுக்கொண்டே என்னைவிட மூன்று மடங்கு வாங்குகிறான். இங்கே வேலை செய்கிறவனுக்கு இங்கத்திய சம்பளம் தர வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். பயிற்சிக்கு வந்தவனுக்கு மட்டும் அது கிடையாது. ஆகவே நம் மேனேஜர் என்னைப் பயிற்சிக்கு வந்தவன் என்று எழுதிவிட்டார். நேற்று தொழிலாளர் அதிகாரி அம்மா வந்து, "இவர் என்ன கத்துக்கறார்?" என்று கேட்டார். "எல்லாமே, மேடம்" என்றார் மேனேஜர். அந்த நேரம் பார்த்து இயந்திரம் அட்டையை மென்றுகொண்டு நின்றது. நெட்டையன் ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து இழுத்து, எந்தத் திருகைத் தளர்த்தணும்னு என்கிட்ட கேட்டான். "கத்துக்க வந்தவர்கிட்ட இவர் ஏன் கேட்கறார்?"ன்னாங்க அதிகாரி அம்மா.

"பரீட்சை வைக்கறார், மேடம்."

அந்த அம்மா சிரிக்கல. நாளைக்குத் திரும்ப வர்றாங்க, என்கிட்ட தனியா பேசணுமாம். சாயங்காலம் மேனேஜர் எங்க ரூமுக்கு வந்தார். ஆறு பேர் படுக்கிற ரூம், உட்கார இடமில்லாம அடுக்குக் கட்டிலோட ஏணியில உட்கார்ந்துக்கிட்டு, "பயிற்சின்னு சொல்லு தம்பி, இல்லேன்னா பெட்டியைக் கட்டு"ன்னார். "உன் மாமா போட்ட கணக்குதானே, அவரையே மாட்டி விடுவியா?"ன்னு வேற. அந்தக் கணக்கு என்னன்னு கேட்டேன் மாமா. இங்கத்த வெங்காய விலையையும் அங்கத்த வெங்காய விலையையும் பார்த்துப் படி போட்டிருக்கீங்க. வாடகை இல்ல, பஸ் இல்ல, குளிருக்கு ஹீட்டர் இல்ல. நான் என்ன வெங்காயத்துக்குள்ளயா குடியிருக்கேன்? நாளைக்கு நான் உண்மையைத்தான் சொல்லப் போறேன். அதுக்கு முன்னாடி சட்டப்படி சம்பளம் போட்டு ஓர் உத்தரவு அனுப்பினா, உங்க பேரை அந்த அம்மாகிட்ட மரியாதையா சொல்லுவேன்.

அத்தைக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். உங்கள் பிரிவில் இருப்பவர்களுக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
அன்புள்ள அக்கா மகன்

பின்குறிப்பு: இதை அனுப்புவதற்குள் விடிந்து, உண்மையைச் சொல்லியும் ஆயிற்று. மேனேஜர் போனில் சொல்லி உங்கள் உத்தரவும் வந்தது. சட்டத்தை மீறக்கூடாது என்று என்னை ஊருக்கே திருப்பி அழைத்திருக்கிறீர்கள். ஆகவே மேலே கேட்டதை விட்டுவிடுங்கள். அங்கே புதிதாக வாங்கிய இயந்திரத்துக்கு ஆட்களைப் பழக்க நெட்டையன் வருகிறானாம். அவனுக்கு அவன் நாட்டுச் சம்பளம், அதற்கு மேல் வெளிநாட்டுப் படி, தனி வீடு. வேலை அவனுக்குப் பாதிதான் தெரியும் என்பதால், பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க என்னைப் போட்டிருக்கிறீர்கள். எனக்குப் படி கிடையாதாம். நான் உள்ளூர்க்காரன்.