சூடு பத்தல பாய்

“சூடு பத்தல பாய்” என்று சொல்லி, சுப்புத்தாய் அந்தப் பல் பிரஷ்ஷை மேசைமேல் வைத்தாள்.

நௌஷாத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. உத்தமபாளையத்தில் மிக்சியும் அயர்ன் பாக்ஸும் ரிப்பேர் பார்க்கிறவன் அவன். தன் மூளையையும் பழைய செல்போன் பேட்டரியையும் செலவழித்துச் செய்த பிரஷ் அது. சுப்புத்தாயும் அவள் கூட்டாளிகளும் ஏலக்காய் எடுக்கப் போனால் வாரம் முழுக்கக் கேரள மலையில் தங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைதான் ஊர் திரும்புவார்கள். “அங்கன குளிருல தண்ணிய வாயில விட்டா பல்லு கழண்டு விழுந்துரும்போல இருக்கு பாய்” என்று என்றைக்கோ பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள்.

மற்றவர்கள் என்றால் ‘அப்படியா’ என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். நௌஷாத் பிரஷ்ஷின் கழுத்துக்குள் கம்பிச்சுருள் வைத்துவிட்டான். சுவிட்சைப் போட்டால் நார் இளஞ்சூடாகி மெத்தென்று ஆகிவிடும். பல்லுக்குக் கூச்சமில்லை, ஈறுக்கும் இதம். கெட்டிக்காரத்தனமான சாமான்தான், அதில் இரண்டாவது பேச்சில்லை.

சிக்கல் அவன் மச்சான் அப்துல் வாஹித் ரூபத்தில் வந்தது. தேனியில் கட்டில், பீரோ ஷோரூம் வைத்திருக்கும் மனிதர். “மாப்ள, நீ இதுவரைக்கும் கண்டுபிடிச்சதெல்லாம் என் தங்கச்சி வீட்டுப் பரண்ல கிடக்கு. பல் டாக்டரக் கூட்டிட்டு வாரேன். அவரு சரின்னு சொன்னா உன் இஷ்டம். இல்லேன்னா கடையப் பூட்டிட்டு என் ஷோரூமுக்கு வந்துரு” என்று சொல்லியிருந்தார். நௌஷாத்தும் ரோஷத்தில் தலையாட்டிவிட்டான். ஆயுள் முழுக்க நாற்காலியைத் தட்டித் தட்டி ‘தேக்கு, தேக்கு’ என்று சொல்லிக்கொண்டிருப்பதை அவனால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

ஆகவே சூட்டைக் கூட்டினான். தானே வாயில் வைத்துப் பார்த்தான். நாக்கு வெந்துபோனது.

“ஏங்க, சாப்பிட வாங்க” என்றாள் மனைவி ஷர்மின்.

“தயிதான் வேணும்.”

“என்ன வேணும்?”

அவன் நாக்கை நீட்டிக் காட்டினான். ஷர்மின் தலையில் அடித்துக்கொண்டு தயிரை ஊற்றினாள்.

அடுத்த ஞாயிறு சுப்புத்தாய் முகம் மலர்ந்து வந்தாள். “இப்பத்தான் பாய் கொஞ்சம் உறைக்குது. இன்னும் கூட்டலாம். அப்புறம், புடி குட்டையா இருக்கு. பின்பக்கம் எட்ட மாட்டேங்குது.”

‘கடைவாய்ப் பல்லைச் சொல்கிறாள். படித்தவனுக்கே அந்த அக்கறை கிடையாது’ என்று நெகிழ்ந்து, பிடியை முழ நீளத்துக்கு இழுத்தான். பேட்டரியையும் பெரிதாக்கினான். ஷர்மின் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இது பல்லு விளக்கவா, இல்ல ஒட்டடை அடிக்கவா?”

கூட்டிய சூட்டில் மலையேறிய பிரஷ், நாரெல்லாம் உருகிக் கட்டியாகித் திரும்பி வந்தது. நௌஷாத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“மன்னிச்சுக்கங்கக்கா, வேற நார் போட்டுத் தாரேன்.”

“வேணாம் பாய்” என்று சுப்புத்தாய் பதறினாள். “அது சும்மா குத்திக்கிட்டே இருந்துச்சு. இப்பத்தான் வழவழன்னு சொகமா இருக்கு.”

கூட வந்திருந்த பவானியும் ஒத்து ஊதினாள். “எங்க லயத்து வீடுகள்ல எல்லாரும் வரிசை போட்டு வாங்கிட்டுப் போறாக பாய்.”

“ஒரே பிரஷ்ஷையா?”

“துடைச்சிட்டுத்தான்.”

நௌஷாத்துக்கு அருவருப்பை மீறி ஒரு மரியாதை வந்தது. என்ன ஜனங்கள் இவர்கள்! நாமெல்லாம் டீயையே ஊதி ஊதிக் குடிக்கிறோம். இவர்கள் அயர்ன் பாக்ஸை வாயில் விட்டுக்கொண்டு, இன்னும் சூடு கேட்கிறார்கள். மலைக்குளிர் இவர்கள் ஈறை இரும்பாக்கிவிட்டது போலிருக்கிறது. இப்படிப்பட்டவர்களுக்கு உழைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நினைத்தபோது அவனுக்குக் கண்கூடக் கலங்கியது. ஆளுக்கொன்றாக, நாரே இல்லாமல், அவர்கள் கேட்டபடி உள்ளங்கை அகலத் தலையோடு செய்து கொடுத்துவிட்டான்.

சொன்னபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை வாஹித், பல் டாக்டர் ஈஸ்வரபாண்டியைக் காரில் கூட்டிவந்தார். டாக்டர் அந்தச் சாமானைக் கையில் வாங்கிச் சுவிட்சைப் போட்டார். விரலால் தொட்டவர் வெடுக்கென்று கையை உதறினார்.

“இதுல நார் எங்க?”

“பப்ளிக்கு வேணாம்னுட்டாக டாக்டர்.”

“சூட்டுக்கு ஒரு கணக்கு வேணாமா? முதல்ல இளஞ்சூடா ஒண்ணு செஞ்சீங்கன்னு கார்ல வரும்போது உங்க மச்சான் சொன்னாரு, அது அருமையான யோசனை. நானே பாராட்டியிருப்பேன். இத வாயில வச்சா பல்லு மிஞ்சும், வாய் மிஞ்சாது. எத்தனை பேரு கையில இருக்கோ, மொத்தத்தையும் திருப்பி வாங்குங்க.”

வாஹித் மீசையைத் தடவிக்கொண்டார். “நாளைக்கே வந்துரு மாப்ள. வெள்ளைச் சட்டை இருக்குல்ல?”

நௌஷாத்துக்குக் கதவோரம் நின்ற ஷர்மினின் கண்ணைப் பார்க்கத் தைரியமில்லை. அந்த நேரம் பார்த்து ஜீப்பிலிருந்து இறங்கிய பெண்கள் கடைக்குள் நுழைந்தார்கள்.

“அக்கா, கோவிச்சுக்காதீக” என்றான் நௌஷாத். “அந்தப் பிரஷ்ஷெல்லாம் குடுத்துருங்க. நான் கடையப் பூட்டப்போறேன்.”

“தர மாட்டோம்” என்றாள் சுப்புத்தாய். பவானி தன் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

டாக்டர் முன்னால் வந்தார். “உங்க நல்லதுக்குத்தாம்மா. எங்க, வாயத் திறங்க.”

சுப்புத்தாய் திறந்தாள். டாக்டர் செல்போன் வெளிச்சத்தில் மேலும் கீழும் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பவானியின் வாயையும் பார்த்தார்.

“ஒரு கொப்புளம்கூட இல்லையே. இத வாயில வச்சு எப்படித் தாங்குனீங்க?”

சுப்புத்தாய் நௌஷாத்தை ஒரு தரம் சங்கடமாகப் பார்த்தாள். பிறகு டாக்டர் பக்கம் திரும்பினாள்.

“வாயில எவ வச்சா டாக்டரய்யா? பாய் ஆசையாக் குடுத்தாரு, மனசு நோகுமேன்னு சொல்லல. பல்லுக்கு எங்களுக்கு வேப்பங்குச்சி கெடக்கு, நாளெல்லாம் குனிஞ்சு ஏலக்கா எடுத்து ஒடிஞ்ச இடுப்புக்கு ஒத்தடம் குடுக்க இத விட்டா என்ன இருக்கு?”