நல்லதம்பியின் பம்பரை விட நாலு விரல் பெரிசு

நேற்று எனக்கு ஒரே ஒரு வேலைதான். ஜீப்புக்கு ஒரு முன் பம்பர் பார்த்து வாங்கிப் பூட்ட வேண்டும்.

பழைய பம்பரை எருமை முட்டிவிட்டது என்று ஊருக்குள் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் முட்டவில்லை. ஜீப்பை வட்டைக் கரையில் விட்டுவிட்டு வயலுக்குள் இறங்கியிருந்தேன். ஒரு எருமை வந்து பம்பரில் முதுகைச் சொறிந்தது. பம்பர் கழன்று விழுந்தது. அந்தச் சத்தத்தில் எருமையே பயந்து ஓடியது. அவ்வளவு துரு.

"சின்னதா ஒண்டு போடுங்க, காணும்" என்றாள் மனைவி. "ஆனையோட சண்டைக்கா போறீங்க?"

சின்னதாகப் போட முடியாது. காரணம் அவளுடைய தம்பி நல்லதம்பி.

ஒன்பது வருசத்துக்கு முன் ஒரு மாரி மழையில் என் ஜீப் சேற்றில் புதைந்தது. நல்லதம்பி வந்து கயிறு கட்டி இழுத்துவிட்டான். அது பரவாயில்லை. அடுத்த கிழமை ஒரு கல்யாண வீட்டில் மைக்கைப் பிடித்தான். மாப்பிள்ளை பொம்பிளையை வாழ்த்தப் போகிறான் என்று எல்லோரும் பார்த்திருக்க, "எங்கட அத்தான் சேத்துக்குள்ள கிடந்து 'மச்சான், மச்சான்' எண்டு கூப்பிட்ட மாதிரி, நீங்களும் ஒருத்தர ஒருத்தர் பாசமாக் கூப்பிட்டு வாழோணும்" என்றான்.

மண்டபமே சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தான். அந்த மாப்பிள்ளையோடும் நான் இன்றுவரை கதைப்பதில்லை.

அன்றைக்கே முடிவெடுத்தேன். இந்த வாயால் நல்லதம்பியிடம் இனி ஒரு உதவி கேட்பதில்லை. ஒன்பது வருசமாக அவனோடு ஒரு சொல் கிடையாது. அவன் அக்காவுக்கு மீன் அனுப்புவான். சாப்பிடுவேன். மீனோடு எனக்குக் கோபமில்லை.

இப்போது அவனும் ஒரு ஜீப் வைத்திருக்கிறான். முன்னுக்குப் பெரிய இரும்பு பம்பர். போன வெள்ளிக்கிழமை கோயிலில் அவன் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்ற நேரம், நான் மெதுவாக வெளியே வந்து அந்த பம்பரைச் சாண் போட்டு அளந்தேன். சரியாக ஏழு சாண்.

எனக்கு ஏழு சாணும் நாலு விரலும் வேண்டும். நடுவில் ஒரு வின்ச்சும் வேண்டும். புதைந்தால் கம்பிக்கயிற்றை எங்கேயாவது கொளுவி, பட்டனை அமத்தினால், ஜீப் தன்னைத் தானே இழுத்துக்கொண்டு வரும். மச்சானும் தேவையில்லை, மச்சானின் கயிறும் தேவையில்லை.

காலையில் பாதையில் ஏறி வாவியைக் கடந்தேன். பாதை என்றால் ரோட்டு இல்லை. ஆட்களையும் வாகனத்தையும் ஏற்றி இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வருகிற தட்டைப் படகுக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். பம்பர் இல்லாத ஜீப் பூனை மாதிரி ஏறி, பூனை மாதிரி இறங்கியது.

நேரே காத்தான்குடி. ஹனீபா பாஸின் கராஜ். இரும்பு வேலையில் கெட்டிக்காரர். இவருடைய வாப்பா ஒரு காலம் என் சைக்கிள் கரியரைக் கோணலாக ஒட்டித் தந்தவர். நான் மறக்கவில்லை. ஆனாலும் போனேன்.

சுவரில் சாத்தியிருந்த பம்பர் ஒன்றைத் தட்டிக் காட்டினார். "அண்ணன், உங்கட ஜீப்புக்கு இதுதான் சரி. ரெண்டு மூலையும் மேல ஏத்தி வெட்டியிருக்கு. மேட்டுல ஏறினாலும் பள்ளத்துல இறங்கினாலும் நிலத்துல முட்டாது."

"இது எத்தின சாண்?"

"சாணா?" ஹனீபா பாஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அண்ணன், இது பம்பர். பாய் இல்ல."

நானே அளந்தேன். ஆறு சாண். தள்ளி வைத்தேன்.

அடுத்தது குழாய் வளைத்துச் செய்தது. பார்க்க வடிவாகத்தான் இருந்தது. ஏழு சாண். அதாவது அவனுக்குச் சமம். ஒன்பது வருசம் காத்திருந்து சமமாகவா வருவது?

அப்போதுதான் மூலையில் கிடந்ததைக் கண்டேன். தடித்த தகடு. கீழே தொங்குகிற மாதிரி ரெண்டு பெரிய கொளுக்கி. நடுவில் வின்ச் வைக்க இடம். கட்டில் மாதிரிக் கிடந்தது. அளந்தேன். ஏழு சாண், நாலு விரல்!

"இதுதான்!"

"ஐயோ அண்ணன், அது வேணாம்! அது உசந்த வாகனத்துக்குச் செஞ்சது. உங்கட ஜீப் குந்திக்கிட்டு இருக்கு. டயரும் சின்னன். இதப் பூட்டினா மூக்கு இடிபடும்."

"ஏன், நல்லதம்பிட ஜீப்புலயும் பெரிசுதானே கிடக்கு?"

"அவர் முதல்ல ஸ்பிரிங்க உசத்தி, பெரிய டயர் போட்டு, மறுகாத்தான் பம்பர் போட்டவர். நான்தானே பூட்டிக் குடுத்தன்."

இது எனக்குத் தெரியாது. வாப்பாவின் கணக்கில் இருந்த கோபத்தை அந்த இடத்திலேயே மகனின் பெயருக்கு மாற்றினேன்.

"பூட்டுங்க பாஸ்."

"திரும்பிப் போறது பாதையாலயா?"

"ஓம்."

"அப்ப பாலத்தால சுத்திப் போங்க அண்ணன். பாதையில ஏற ஏலாது."

"எனக்கு வாகனம் ஓட்டத் தெரியும்."

நாலு பேர் பிடித்துத் தூக்கிப் பூட்டினார்கள். நடுவில் ஒரு வின்ச்சும் வைத்து முறுக்கினார்கள். கையை விட்டதும் ஜீப் முன்பக்கம் அப்படியே இறங்கியது. ஹனீபா பாஸ் குனிந்து பார்த்தார். "மண்ண மணந்து பாக்குது" என்றார். நான் ஏறி வெளிக்கிட்டேன்.

பாலம் இருக்கிற திசையைத் திரும்பியும் பார்க்கவில்லை. பெரிய பம்பரோடு பாதையில் போய் இறங்கினால்தானே நாலு பேர் பார்ப்பார்கள்?

துறையில் பாதை புறப்படத் தயாராக நின்றது. ஓட்டுகிறவர் கனகசபை. போன மாரியில் நான் கையைக் காட்டக் காட்ட, காணாத மாதிரிப் பாதையை எடுத்துக்கொண்டு போனவர். உள்ளே பத்துப் பதினைந்து பேர். இறால் பெட்டியோடு யோகம்மா. குடையோடு ஒரு டீச்சர். மற்றது, கம்பியில் சாய்ந்து கச்சான் கொட்டை தின்றுகொண்டு நல்லதம்பி.

நல்ல நேரம்! அவனும் பார்க்கட்டும்!

ஹோர்ன் அடித்துக்கொண்டு கரைச் சரிவில் இறங்கி, ஏறுகிற இரும்புத் தட்டுக்கு நேரே விட்டேன்.

டமார்.

ஜீப் நின்றது. மூக்கு தட்டில் குத்திக்கொண்டு நிற்கிறது. டயர் இன்னும் தட்டைத் தொடவே இல்லை.

"அமத்துங்க, ஏறும்!" என்று யாரோ சத்தம் போட்டார்கள். அமத்தினேன். கிறீச்சென்று ஒரு சத்தம். கீழே தொங்கிய கொளுக்கி ரெண்டும் தட்டின் விளிம்புக்கு அடியில் போய் வடிவாகக் கொளுவிக்கொண்டன.

பின்னுக்கு எடுத்தேன். ஜீப் வந்தது. பாதையும் கூட வந்தது.

"ஐயா!" கனகசபை கத்தினார். "பாதைய வீட்டுக்குக் கொண்டுபோகப் போறீங்களா?"

பரவாயில்லை, என்னிடம் வின்ச் இருக்கிறது. இறங்கி, கம்பிக்கயிற்றை இழுத்துப் பாதையின் இரும்புத் தூணில் கொளுவினேன். எல்லோருக்கும் தெரிகிற மாதிரிக் கையை உயர்த்திப் பட்டனை அமத்தினேன்.

வின்ச் அருமையாக வேலை செய்தது. ஆனால் ஜீப் தரையில் நிற்கிறது, பாதை தண்ணீரில் மிதக்கிறது. வின்ச்சுக்கு எது லேசு? ஜீப் அசையவில்லை. பாதை ஆட்களோடு சேர்ந்து ஒரு முழம் கரையில் ஏறியது. டீச்சர் குடையைத் தண்ணீரில் விட்டார்.

"இந்த மனிசன் எங்கள ரோட்டுல இறக்கித்தான் விடுவாரு!" என்றாள் யோகம்மா. "கெதியா என்னவும் செய்யுங்க. ஐஸ் உருகுது, என்ட றால் நாறப் போகுது!"

அப்போது நல்லதம்பி என்னிடம் இல்லை, பக்கத்தில் நின்றவரிடம் சொன்னான்: "ஏழு சாணுக்கு மேல போனா இப்பிடித்தான்."

எனக்குக் காது சுட்டது. பாவி, கோயிலில் ஒரு கண்ணைத் திறந்து வைத்துத்தான் கும்பிட்டிருக்கிறான்!

கனகசபை குனிந்து பார்த்துவிட்டு வழி சொன்னார். "ஜீப்புக்குப் பின்னுக்குப் பாரம் ஏத்தினா மூக்கு எழும்பும். கொளுக்கி கழண்டிரும். ஏறுங்க ஆக்கள்!"

வின்ச் கயிற்றைக் கழற்றிவிட்டு நான் என் சீட்டில் ஏறினேன். யோகம்மா பெட்டியோடு பின்னுக்கு ஏறினாள். டீச்சர் ஏறினார். மூக்கு ஒரு விரல் எழும்பியது. இன்னும் மூன்று பேர் ஏறினார்கள். ரெண்டு விரல். கொளுக்கி கழலவில்லை. பின்னுக்கு இனி ஒரு ஆளுக்குத்தான் இடம்.

பாதையில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் நல்லதம்பியைப் பார்த்தார்கள். கல்யாண வீட்டில் அவனுக்கு ரெண்டு கதிரை போடுவார்கள். அப்படி உடம்பு.

அவன் ஒரு கச்சான் கொட்டையை உடைத்தான். "நான் வாறன். அத்தான் கேக்கட்டும்."

"கேளுங்க ஐயா!" என்றார் கனகசபை.

"நான் கேக்க மாட்டன்."

"அவரு ஒன்பது வருசமாக் கேக்கல்ல" என்று நல்லதம்பி எல்லோருக்கும் விளக்கினான்.

"ஒன்பது வருசத்துக்கு என்ட றால் கிடக்காது!" யோகம்மா என் முதுகுப் பக்கமிருந்து கத்தினாள். "ஒரு வாய்ச் சொல்லு, கேட்டுத் துலையுங்களன்!"

"சேர், பிளீஸ்" என்றார் டீச்சர். என்னை ஒருவர் சேர் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தரம். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். கொஞ்சம் இளகிவிட்டேன்.

வாவியைப் பார்த்துக்கொண்டு, தண்ணீருக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னேன். "பின்னுக்கு ஒரு ஆளுக்கு இடம் கிடக்கு."

"எனக்கா சொல்றீங்க?" என்றான் நல்லதம்பி.

"இஞ்ச வேற ஆரு இந்தப் பெரிசுல நிக்கிறாங்க?"

"மச்சான் எண்டு சொல்லல்லையே."

பத்துப் பதினைந்து பேரும் மூச்சு விடாமல் பார்க்கிறார்கள். தூரத்தில் பின்னால் ஒரு வேன் ஹோர்ன் அடிக்கிறது. பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் என் சீட்டுக்குக் கீழே ஓடி வருகிறது.

"ஏறு மச்சான்" என்றேன்.

பாதை முழுக்கக் கைதட்டல்! நல்லதம்பி கச்சான் கோதைத் தட்டிவிட்டு, ஆறுதலாக நடந்து வந்து ஏறிக் குந்தினான். ஜீப்பின் மூக்கு நாம்பன் மாடு மாதிரி நிமிர்ந்தது. கொளுக்கி கழன்றது. ஒரே மூச்சில் மேலே ஏறிவிட்டேன்.

"எல்லாரும் இறங்கலாம்" என்றேன்.

"ஒருத்தரும் இறங்க வேணாம்!" கனகசபை கையை உயர்த்தினார். "அக்கரையிலயும் இதே தட்டு, இதே சரிவு. இருங்க அப்பிடியே."

வாவி முழுவதும் நல்லதம்பி என் பிடரிக்குப் பின்னால் இருந்து கச்சான் தின்றான். பாதி வழியில் கையை நீட்டி எனக்கும் கொஞ்சம் தந்தான். வாங்கித் தின்றேன். கச்சானோடும் எனக்குக் கோபமில்லை.

அக்கரையில் இறங்கும்போது ஜன்னலால் குனிந்து சொன்னான். "அத்தான், இனி அங்கால போறெண்டா ஒரு கோல் அடியுங்க. வந்து இருந்து தாறன்."

வீட்டுக்கு வந்தால் மனைவிக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ஜீப்பை விட ஃபோன் வேகம்.

"பம்பர மாத்துங்களன்" என்றாள்.

"மாத்தினா ஹனீபா பாஸ் சொன்னது சரியெண்டாகிடும்."

"அப்ப தம்பியக் கூட்டிக்கிட்டா திரியப் போறீங்க?"

அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டேன். இன்று காலையில் வெள்ளனவே எழும்பி, முற்றத்தில் வைத்து ஜீப்பின் பின்பக்கத்தில் ஏற்றி இறக்கிப் பார்த்தேன். ஒரு நல்லதம்பிக்கு நாலு மணல் மூட்டை.

மணல் மூட்டையிடம் ஒன்றும் கேட்கத் தேவையில்லை.