சிவப்புப் பெட்டியை என் தலையில் கட்டிய மைத்துனனுக்கு

அன்பும் அறிவும் நிறைந்த மைத்துனனுக்கு, செங்கல் சூளையிலிருந்து உன் மாமா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்காவும் உடம்பளவில் சௌக்கியம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கிற பாராவைக் கடிதத்தின் கடைசியில் வைத்திருக்கிறேன். கோபத்தோடு நலம் விசாரித்தால் அது நலமாகப் போய்ச் சேராது. மேலே 'அறிவு நிறைந்த' என்று எழுதியதுகூட முறைக்காகத்தான். பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். சூளைக்கு வருகிற லாரிகளின் பேரையும் நம்பரையும் கரித்துண்டால் சுவரில் எழுதி எழுதிப் பழகிய எழுத்து இது. எழுத்து ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நின்றால் பொறுத்துப் படி. பாதியில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகாதே. போனால் எனக்குத் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். இப்போது என் வீட்டுக் கூடத்தில் நாலு பெட்டி ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கிறது. அடியில் டேப் போடுகிற பெட்டி. அதன் மேல் விசிடி பெட்டி. அதன் மேல் டிவிடி பெட்டி. உச்சியில் நீ கட்டிக் கொடுத்த சிவப்புப் பெட்டி. பார்க்கக் கறுப்பாகத்தான் இருக்கிறது. அதற்கு வருகிற டிஸ்க்கின் உறை சிவப்பு என்பதால் உங்கள் கடையில் அதற்கு அந்தப் பேர். ஒவ்வொரு பெட்டியைத் தூக்கிக் கொடுக்கும்போதும் "இதுதான் மாமா கடைசி, இதுக்கு மேல உலகத்துல ஒண்ணும் வராது" என்று சொன்னது நீ. நாலு தடவை உலகம் முடிந்துவிட்டது மச்சான். உன் அக்கா என்ன சொல்கிறாள் தெரியுமா? "இன்னும் ரெண்டு வாங்கிப் போடுங்க. மேல ஏறி நின்னு பரண்ல இருக்கிற அண்டாவை எடுத்துக்குவேன். அதுக்காவது ஆகட்டும்" என்கிறாள்.

இத்தனையும் எதற்காக? சினிமா ஆசையிலா? படத்தில் பேர் போட்டு முடிவதற்குள் குறட்டை விடுகிற ஆள் நான். எல்லாம் என் அண்ணனுக்காக. உனக்குக் கதை தெரியும், ஆனாலும் சொல்கிறேன், தெரிந்த கதையைக் கேட்டால்தான் உனக்கு வெட்கம் வரும். என் மகள் கல்யாணத்தில் மேடையில் குடும்பப் படம் எடுத்தோம் அல்லவா, அது பெரிதாக்கிக் கூடத்தில் தொங்குகிறது. அதில் சமையல்காரர் கரண்டியோடு நிற்கிறார். மைக் செட் போட்டவர் நிற்கிறார். யார் என்று இன்றுவரை எங்களுக்கும் தெரியாத, சம்பந்தி வீட்டுக்கும் தெரியாத ஒருத்தர், கையில் குடையோடு, எல்லோரையும்விடச் சந்தோஷமாக நிற்கிறார். என் கூடப் பிறந்த அண்ணன் மட்டும் இல்லை. "என்னைக் கூப்பிடவே இல்லை" என்பது அண்ணன் கட்சி. மூன்று தடவை கையை ஆட்டிக் கூப்பிட்டேன் என்பது என் கட்சி. அன்றைக்கு நின்ற பேச்சு நாலு வருஷமாக நின்றே இருக்கிறது. ஒரே தெரு, பதினோரு வீடு இடைவெளி. அவர் இந்த ஓரம் வந்தால் நான் அந்த ஓரம் போகிறேன். நடுவில் பேச்சைக் கொண்டுபோவதும் கொண்டுவருவதும் பால்காரர்தான். அவர் பாலில் தண்ணீர் கலந்தாலும் சேதியில் கலக்க மாட்டார், அந்த மட்டும் நல்ல மனுஷன்.

இப்போது அவசரம் என்னவென்றால், வருகிற இருபத்தெட்டாம் தேதி அண்ணனையும் அண்ணியையும் அவர்கள் மகன் வெளிநாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறான். வீட்டை விற்றாகிவிட்டது. அண்ணனுக்கு எழுபத்திரண்டு வயது. போனால் திரும்பி வருகிற பயணம் இல்லை அது. கல்யாண வீடியோவை டிவிடியில் போட்டுப் பார்த்தால் மேடை ஓரத்தில் வெள்ளையாக ஏதோ ஒன்று ஆடுகிறது. என் கை என்று நான் சொல்லி அனுப்பினேன். "துண்டு" என்று அவர் திருப்பி அனுப்பினார். கடைசியில் பால்காரர் ஒருநாள் செம்பை வைத்துவிட்டு நின்று சொன்னார்: "அண்ணன் சொல்றாரு, தெளிவா ஒரு படம் காட்டச் சொல்லு, கைன்னு தெரிஞ்சா நானே அவன் கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டுட்டு ஏரோப்ளேன் ஏறுறேன்னு. இல்லைன்னா இப்படியே போறாராம்."

நான் ஓடினேன் ஸ்டூடியோக்காரரிடம். அவர் என்ன சொன்னார்? "அண்ணே, நான் அன்னிக்கே பெரிய கேமராவுலதான் புடிச்சேன். பழைய டிஸ்க்ல அவ்வளவு தெளிவு அடங்காது. இப்பப் புது டிஸ்க் வந்திருக்கு, தலையில இருக்கிற முடியை எண்ணலாம். அதை ஓட்டுற பெட்டி இருக்கா?" என்றார். எனக்கு எண்ணுகிற அளவுக்கு முடி இல்லை, அது வேறு விஷயம். பெட்டிக்குத்தான் என் மைத்துனன் கடையில் இருக்கிறானே என்று பஸ் ஏறி, இரண்டு இடத்தில் இறங்கி ஏறி, உன்னிடம் வந்தேன்.

நீ என்ன செய்தாய்? இரண்டு பெட்டியைத் தூக்கி வைத்தாய். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம் என்றாய்.

"என்னடா வித்தியாசம்?" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதான் மாமா. ரெண்டுலயும் படம் கண்ணாடி மாதிரி இருக்கும். ரெண்டு கம்பெனிக்காரனுக்கும் போட்டி, அவ்வளவுதான்."

"யாரு ஜெயிப்பான்?"

"அது யாருக்கும் தெரியாது மாமா. உங்களுக்கு எது பிடிக்குதோ எடுங்க."

ஒன்றின் டிஸ்க் மற்றதில் ஓடாது என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னாயா? சொல்லவில்லை. நான் என்ன செய்வேன்? சூளையில் முப்பத்தைந்து வருஷமாக என்ன செய்கிறேனோ அதைச் செய்தேன். இரண்டு கல்லைத் தட்டிப் பார்த்தால் நன்றாக வெந்த கல் 'டிங்' என்று மணி மாதிரிப் பேசும். வேகாதது 'தொப்' என்னும். விரலை மடக்கி இரண்டு பெட்டியையும் தட்டினேன். சிவப்பு 'டிங்' என்றது. நீலம் 'தொப்' என்றது. சந்தேகம் இருக்கக் கூடாது என்று இரண்டையும் தூக்கி ஒன்றோடு ஒன்று மோதப் போனேன், உன் முதலாளி அலறிக்கொண்டு ஓடி வந்தார். நீ சிரித்தாய். "சரியாத்தான் எடுத்திருக்கீங்க மாமா" என்று சிவப்பைக் கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்தாய். நானும் அதை மடியில் வைத்துக்கொண்டு, பச்சைப் பிள்ளையைக் கொண்டுவருகிற மாதிரி, பஸ் குலுங்குகிற இடத்தில் எல்லாம் கையால் அணைத்துக்கொண்டு வந்தேன்.

உன் வீட்டு டிவிக்குக் கீழே இருப்பது நீலம். போன வாரம் உன் வீட்டுக்காரி போனில் உன் அக்காவிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். கேட்ட உன் அக்கா, உன் அக்காவே, "என் தம்பி புத்திசாலி" என்றாள். அதை என் எதிரிலேயே சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். நாலு வருஷம் கழித்து என் வாசல்படி ஏறினார் மச்சான்! தேய்த்த சட்டை போட்டிருந்தார். அண்ணியும் வந்தார். சாட்சிக்குப் பால்காரர். உன் அக்கா நல்ல கப்பை எல்லாம் எடுத்து வைத்தாள். ஸ்டூடியோக்காரர் அன்று காலையில்தான் டிஸ்க்கை முடித்துக் கொடுத்தனுப்பியிருந்தார். பெட்டிக்குள் வைத்தேன். உள்ளே வாங்கிக்கொண்டது. கர்ர் என்று யோசித்தது. டிவியில் எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியாத ஒரு வரி வந்தது. பிறகு டிஸ்க்கை வெளியே தள்ளிவிட்டு, நாக்கை நீட்டின மாதிரி அப்படியே நின்றது.

மறுபடி வைத்தேன். மறுபடி நாக்கு. துண்டால் துடைத்து வைத்தேன், நாக்கு. திருப்பிப் போட்டு வைத்தேன், நாக்கு. பால்காரர் எழுந்து, "எங்க மாடு இப்படி முரண்டு பண்ணுனா மூஞ்சியில தண்ணி அடிப்பேன்" என்றார். உன் அக்கா, "அது ஒண்ணுதான் பாக்கி" என்று செம்பை எடுத்து மறைத்து வைத்தாள். அண்ணன் எழுந்துவிட்டார். "நாலு வருஷம் கழிச்சுக் கூப்பிட்டு என்னடா காட்டுற எனக்கு? ஒரு மிஷின் பழிப்புக் காட்டுறதையா?" என்றார். டீ அப்படியே இருந்தது. அவர் போன பிறகு அந்த டீயை நான்தான் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

ஸ்டூடியோக்காரர் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணே, நான் போட்டது நீலம். சிவப்பு டிஸ்க்கே இப்ப வர்றதில்லை. சிவப்புக்காரன் தோத்துட்டேன்னு கடையைச் சாத்திட்டான், உங்களுக்குத் தெரியாதா?" என்றார். எனக்கு எப்படித் தெரியும்? தோற்றவன் என் வீட்டுக்கு வந்து சொன்னானா?

ஒரு கதை சொல்கிறேன் கேள். எங்கள் சூளையில் ஒரு சமயம் புதுத் தச்சர் ஒருத்தர் அச்சு செய்தார். அரை விரற்கடை பெரிது. பார்வைக்குத் தெரியாது. ஆயிரம் கல் அறுத்து, சுட்டு, அனுப்பிவிட்டோம். மறுநாள் கொத்தனார்கள் நாலு பேர் கரண்டியும் கையுமாகச் சூளை வாசலில் வந்து நின்றார்கள். கட்டிய சுவர் பல் போன வாய் மாதிரி இருந்ததாம். முதலாளி அந்த அச்சை எடுத்து நெருப்பில் போட்டார். படிக்காத கூட்டம் நாங்கள். எங்களுக்கே இவ்வளவு தெரிகிறது. கோட்டுப் போட்ட உங்கள் கம்பெனிக்காரர்கள் என்ன செய்தார்கள்? ஒரே அளவு, ஒரே ஓட்டை, ஒரே பளபளப்பில் இரண்டு டிஸ்க் செய்து, ஒன்று மற்றதில் ஓடாதபடி வைத்து, இரண்டையும் ஊருக்கு விற்றுவிட்டு, எவன் வீட்டில் அழுகிறான் என்று வேடிக்கை பார்த்தார்கள். உங்களை எல்லாம் எங்கள் கொத்தனார்களிடம் விட வேண்டும், கரண்டியோடு.

ஆகையால் மச்சான், இந்தக் கடிதம் கண்டதும் உன் டிவிக்குக் கீழே இருக்கிற நீலப் பெட்டியைக் கழற்று. ஒயர், ரிமோட், எல்லாவற்றோடும் நீயே தூக்கிக்கொண்டு பஸ் ஏறு. இருபத்தைந்தாம் தேதிக்குள் அது என் வீட்டில் ஓட வேண்டும். அண்ணன் என் கையைப் பார்க்க வேண்டும். நான் கூப்பிட்டேன் என்று தெரிந்துகொண்டுதான் அவர் ஏரோப்ளேன் ஏற வேண்டும். நீ வராவிட்டால் நாலு பெட்டியையும் கொண்டுவந்து உன் கடை வாசலில், ஆள் நுழைய இடம் இல்லாமல் அடுக்கிவிடுவேன். அடுக்குவதில் எனக்கு இருக்கிற அனுபவம் உனக்குத் தெரியும்.

இனி நலம் விசாரிப்பு. நீ சௌக்கியமா? உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? உன் வீட்டுக்காரியை நான் கேட்டதாகச் சொல். உண்மை பேசுகிறவள், அவள் நன்றாக இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம், நன்றாகப் படித்து உன் தொழிலுக்கு வராமல் இருக்கட்டும். உன் அக்கா உனக்கு அன்பு சொல்லச் சொன்னாள். நான் சொல்லவில்லை, எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
சிவப்புப் பெட்டிக்குச் சொந்தக்காரனான உன் மாமா.

பின்குறிப்பு: மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டிருப்பேன். மூன்று நாள் எழுதியது, மனசு வரவில்லை. கடிதத்தை ஒட்டுவதற்குள் ஸ்டூடியோக்காரர் மனசு கேட்காமல் அவருடைய நீலப் பெட்டியையே தூக்கி வந்து மாட்டிவிட்டார். நானும் உன் அக்காவும் உட்கார்ந்து பார்த்தோம். அவர் சொன்னது நிஜம், அப்படி ஒரு தெளிவு. மேடைக்குக் கீழே எங்கள் சூளை முதலாளி வந்துகொண்டிருக்கிறார், சட்டைப் பையில் பேனா மூடி மின்னுகிறது. மேடையில் இடம் இல்லை. மறுபக்கம் அண்ணன் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டார். பையிலிருந்து சீப்பை எடுத்து, படத்துக்காகத் தலையை வாரிக்கொள்கிறார். சீப்பில் ஒரு பல் உடைந்திருப்பதுவரை தெரிகிறது. என் கை மூன்று தடவை ஆடுகிறது, அதில் நான் பொய் சொல்லவில்லை. ஆனால் உள்ளங்கை வெளிப்பக்கம் பார்க்கிறது மச்சான். வாயும் தெரிகிறது. "அப்புறம், அப்புறம்" என்கிறது. அண்ணன் சீப்பைப் பையில் வைக்கிறார். காலை எடுக்கிறார். அந்த இடத்தில் முதலாளி ஏறி நிற்கிறார். நாலு வருஷம் சொல்லிச் சொல்லி, கூப்பிட்டேன் என்று நானே நம்பியிருக்கிறேன்.

உன் அக்கா டிவியை அணைத்துவிட்டு, "பழைய டிஸ்க்ல நீங்க நல்லவரா இருந்தீங்க" என்றாள்.

செருப்பு மாட்டாமல் அண்ணன் வீட்டுக்குப் போனேன். பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, படம் பார்த்தேன்."

"ம்."

"துண்டு இல்லை, கைதான்."

"தெரியும்."

"கூப்பிடலை அண்ணே. போகச் சொல்லியிருக்கேன்."

"அதுவும் தெரியும். நான் அங்கதானடா நின்னேன்? எனக்கு எதுக்குப் படம்? உனக்குத்தான் தெரியாம இருந்துச்சு" என்றார். பிறகு, "இந்தக் கயிறை இழுத்துப் புடி, நழுவுது" என்றார். பிடித்தேன். இரண்டு பேரும் சேர்ந்து ஆறு பெட்டி கட்டினோம்.

ஆகையால் நீலப் பெட்டியைக் கொண்டுவராதே, உன் வீட்டிலேயே இருக்கட்டும். இருபத்தாறாம் தேதி காலையில் எல்லோரும் நின்று ஒரு படம் எடுக்கிறோம். தாளில் எடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டேன், அதைப் பார்க்க ஒரு ஆணிதான் வேண்டும். நீயும் குடும்பத்தோடு வந்துவிடு. படத்துக்கு உன்னை நானே கூப்பிடுகிறேன். வாயால் கூப்பிடுவேன், கையைப் பார்த்துக்கொண்டு நிற்காதே.