தோற்றவன் குதிரை

இந்த வெள்ளிக்கிழமை மனைவி ஷிஜியின் வாயை அவளுடைய கான்வென்ட் இங்கிலீஷாலேயே அடைத்துவிடுவது என்று ஜெரிஷ் முடிவு கட்டினான்.

அரபு நாட்டில் வெள்ளிதான் விடுமுறை; அன்றைக்கு அல் குசைஸ் மணல்வெளியில் கிரிக்கெட் டூர்னமெண்ட். அவன்தான் கேப்டன். அவளுக்கோ கடல் பார்க்க வேண்டும். பிரசவத்துக்கு முன்னால் தொடங்கிய ஏக்கம். கடற்கரையில் பிறந்தவளுக்கு ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் ஏசிப் பெட்டிகள். "கண்ண மூடிக்கிட்டா அலை மாதிரி கேக்கும்" என்பாள். மம்சார் கடல் காரில் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷம்தான் எந்த வெள்ளிக்கிழமையும் கிடைக்கவில்லை.

ஆபீஸ் அகராதியைப் புரட்டிவிட்டு வந்தான்.

"டூர்னமெண்டுன்னா சும்மா விளையாட்டுன்னு நெனச்சியா? பழைய பிரெஞ்சு வார்த்தையாக்கும். குதிரையைச் சட்டுனு திருப்புறதுன்னு அர்த்தம். கவசம் போட்ட வீரன்மாரு ஈட்டியோட மோதுவானுவ. மானப் பிரச்சினை. பொம்பள குறுக்க நிக்கப்பிடாது."

ஷிஜி குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டே கேட்டாள். கான்வென்டில் சரித்திரம் படித்தவள்.

"அந்தச் சட்டமெல்லாம் ஒங்களுக்கும் உண்டுமா?"

"பின்னே? முழுசும் உண்டு."

"தோத்தவன் குதிரையக் குடுத்திரணும். தெரியுமில்லியா?"

"எனக்கு ஏது குதிரை?"

அவள் கண் ஆணியில் தொங்கிய கார் சாவிக்குப் போனது.

"தோத்தா சாயங்காலம் வண்டி எனக்கு. மம்சாருக்கு."

"ஒனக்கு ஓட்டத் தெரியாதே."

"குதிரைக்காரனும் சேத்துதான்."

ஜெரிஷ் சிரித்தான். எதிரணி தொப்பை விழுந்த பேக்கரிக்காரர்கள். "மாதா மேல சத்தியம்."

ஜெயித்தே விட்டான். ஆட்டநாயகன் கோப்பையோடு படியேறி, சாவியை விரலில் சுழற்றினான். "குதிரை எனக்குத்தான்."

ஷிஜி வெளியே போகிற சேலையில் இருந்தாள். குழந்தை தலையில் தொப்பி.

"ரொம்ப சந்தோஷம். ஜெயிச்சவன் சட்டம் தெரியுமா? பரிசப் பொம்பள கையாலதான் வாங்கணும். அன்னைக்கு முழுக்க அவ பக்கத்துலயே இருக்கணும்."

"அது அகராதியில இல்லியே."

"அதுல அர்த்தம்தான் இருக்கும். மிச்சம் எனக்கு கான்வென்ட் சிஸ்டர் சொல்லித் தந்தாவ. முழுசும் உண்டுன்னு நீங்கதான சொன்னிய?"

மம்சாரில் கணுக்கால் நனைய நின்றாள். குழந்தையைக் கீழே விடப் பயம். ஈர விரலால் அதன் பாதத்தை மட்டும் தொட்டாள். அந்த முகத்தைப் பார்த்த ஜெரிஷ் பேண்டை மடித்துவிட்டு அவள் பக்கத்தில் தண்ணீரில் இறங்கினான்.

"அடுத்த வெள்ளியும் மேட்ச் உண்டுமா?" என்றாள்.

"அரையிறுதி" என்றான், தயங்கி.

"போய் ஆடுங்க. ஜெயிச்சாலும் சரி, தோத்தாலும் சரி, சாயங்காலம் இங்கதான்."