ஜாக்கியும் ஜாக்கிரதையும்

இனிமேல் தன் காரின் மேல் எந்த மெக்கானிக்கின் கையும் படக் கூடாது என்று செய்கு அலாவுதீன் முடிவெடுத்தது ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், டீயில் பிஸ்கட்டை முக்கிக்கொண்டிருந்தபோது. முடிவெடுத்த வேகத்தில் பாதி பிஸ்கட் உடைந்து டீக்குள் மூழ்கிப்போனது. பெரிய முடிவுகளில் இப்படிச் சின்னச் சேதங்கள் சகஜம் என்று விட்டுவிட்டார்.

காரணம் இரண்டு. ஒன்று, பிரேக். முன் சக்கரங்களில் பிரேக் பேடு தேய்ந்துபோய், காலை வைத்தாலே கார் அலறியது. குடியிருக்கும் ஈசா டவுனில் அவர் பிரேக் போட்டால் பக்கத்து ஊரான ரிஃபாவில் பூனைகள் திரும்பிப் பார்த்தன. சனிக்கிழமை காலையில் கடல் பாலத்தைத் தாண்டிப் பக்கத்து நாட்டுத் தம்மாமுக்குப் போயாக வேண்டும். மனைவியின் தங்கை அப்ஸானாவுக்குக் குழந்தை பிறந்து பத்து நாள் ஆகிவிட்டது. பட்டறைக்காரனோ வெள்ளிக்கிழமை லீவு, சனிக்கிழமை மத்தியானம் வா என்றுவிட்டான்.

இரண்டாவது காரணம், அஸீம். மனாமா கடைத்தெருவில் அலாவுதீன் மேனேஜராக இருக்கும் துணிக்கடையில் அவன் சேல்ஸ்மேன். போன வாரம் வீட்டு வாசலிலேயே காரைத் தூக்கி நிறுத்தித் தானே பிரேக் பேடு மாற்றிவிட்டானாம். அன்றிலிருந்து சட்டை கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் பிரேக் பேடு கதைதான் கிடைத்தது. சேல்ஸ்மேன் செய்கிற வேலையை மேனேஜர் செய்ய முடியாதா?

"நாளைக்கு நானே மாத்தப்போறேன்" என்றார் மனைவியிடம்.

அஸ்மத் பீவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "எத?"

"பிரேக் பேடு."

"போன மாசம் பல்பு மாத்தினீங்க. ரெண்டு நாள் செல்போன் வெளிச்சத்துல சமைச்சேன்."

"அது எலக்ட்ரிக்கல். இது மெக்கானிக்கல்."

"சரி, எத வச்சுத் தூக்குவீங்க?"

"டிக்கியில ஜாக்கி இருக்குல்ல?"

"தூக்கினப்புறம் தாங்கறதுக்கு?"

"அதே ஜாக்கிதான்."

"ஜாக்கி தூக்கறதுக்குத்தாங்க. தாங்கறதுக்கு ஸ்டாண்டு வேணும். மாடி வீட்டு ஹபீப் முகம்மது தம்பிகிட்ட ரெண்டு ஸ்டாண்டு இருக்கு. பெரிய டிராலி ஜாக்கியும் இருக்கு. கேட்டா குடுப்பாரு."

அலாவுதீனுக்குச் சுருக்கென்றது. "இதெல்லாம் உனக்கு யாரு சொன்னா?"

"நீங்க செல்போன்ல பாக்கற அதே பிரேக் பேடு வீடியோதான். நீங்க முதல் அஞ்சு நிமிஷத்தத் தள்ளிவிட்டுட்டுப் பாக்கறீங்க. நான் பாத்திரம் கழுவிக்கிட்டே முழுசாக் கேட்டேன்."

"அந்த அஞ்சு நிமிஷமும் சும்மா பேச்சு."

"கடைசி வரைக்கும் உயிரோட இருக்கறது எப்படின்னு அந்த அஞ்சு நிமிஷத்துலதான் சொல்றாரு. ஜாக்கி இருக்கு உங்ககிட்ட. ஜாக்கிரதை இருக்கா?"

அலாவுதீன் டீக்குள் மூழ்கிய பிஸ்கட்டைக் கரண்டியால் தேட ஆரம்பித்தார்.

ஹபீப் முகம்மதிடம் போவதில்லை என்பதில் மட்டும் உறுதியாக இருந்தார். அந்த மாடி வீட்டுக்காரர் பேக்கரியில் சூப்பர்வைசர். எங்கேயோ ஆஃபர் போட்டார்கள் என்று ஜாக்கியும் ஸ்டாண்டும் வாங்கி, இரண்டு வருடமாக அட்டைப்பெட்டியைக்கூடப் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிற மனுஷன். பெட்டியையே பிரிக்காதவரிடம் போய் இவர் கை நீட்டி நிற்பதா?

வெள்ளிக்கிழமை காலை. ஜனவரி மாத வெயில் முதுகுக்கு இதமாக இருந்தது. அலாவுதீன் பழைய பேண்ட்டை மாட்டி, தலையில் துண்டைக் கட்டி, ராத்திரியே வாங்கி வைத்த புது பிரேக் பேடுகளை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினார். கார் நின்ற இடம் சிமெண்டுக் கல் பதித்த தரை. மழைத் தண்ணீர் ஓடட்டும் என்று கேட்டுப் பக்கம் லேசாகச் சரித்துப் போட்டிருந்தார்கள். எப்போதாவது வருகிற மழைக்காகச் செய்த சரிவு அது.

சமையலறை ஜன்னல் திறந்தது.

"ஹேண்ட் பிரேக் இழுத்தீங்களா?"

"பார்க்கிங் கியர்ல போட்டாச்சு. அது போதும்."

"பின் சக்கரத்துக்குக் கல்லு வச்சீங்களா?"

"எதுக்கு? ஆட்டுக்குட்டியா இது, அவுத்துக்கிட்டு ஓடறதுக்கு?"

ஜன்னல் மூடவில்லை. பாதி திறந்தபடியே நின்றது.

ஜாக்கியை வைத்துச் சுற்றினார். கார் முன்பக்கம் ஒரு ஓரமாக மேலே எழுந்தது. அந்த நிமிஷம் அலாவுதீனுக்குக் காரைவிட ஒரு சாண் அதிகமாகவே தன் உடம்பு உயர்ந்த மாதிரி இருந்தது. ஸ்பானரைப் போட்டு நட்டைத் திருகினார். நட்டு அசையவில்லை. கார் தொட்டில் மாதிரி ஆடியது.

"ஏங்க, சக்கரம் தரையில இருக்கும்போதே நட்ட லூசு பண்ணிக்கணும்!" என்றது ஜன்னல்.

"தெரியும். ஜாக்கி வேலை செய்யுதான்னு டெஸ்ட் பண்ணினேன்."

இறக்கினார். நட்டுகளைத் தளர்த்தினார். மறுபடி தூக்கினார். சக்கரத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி ஒரு செல்ஃபி எடுத்து அஸீமுக்கு அனுப்பினார். அனுப்பிய குஷியில் காலால் தட்டியதில் ஒரு நட்டு உருண்டு காருக்கு அடியில், நட்டநடுவில் போய் உட்கார்ந்துகொண்டது.

குனிந்து பார்த்தார். கை எட்டவில்லை. ஜாக்கி கொஞ்சம் சாய்ந்த மாதிரி தெரிந்தது. குனிந்ததில் தன் தலைதான் சாய்ந்திருக்கிறது என்று சமாதானம் செய்துகொண்டார். ஒரு அட்டையை எடுத்துப் போட்டார். அதில் மல்லாக்கப் படுத்தார். குதிகாலை ஊன்றித் தலையை உள்ளே தள்ளப் போனார்.

"ஏங்க! உப்புப் பாக்க வாங்க!"

அந்த வீட்டில் உப்புப் பார்ப்பது அலாவுதீனின் தனி இலாகா. கல்யாணமாகிப் பத்தொன்பது வருடமாக அவர் நாக்கு சம்மதிக்காமல் பிரியாணி தம்முக்குப் போனதில்லை. கடையில் மேனேஜர் என்பதைவிட இதில் அவருக்குப் பெருமை அதிகம்.

"ரெண்டு நிமிஷம்!"

"இப்பவே வாங்க. அரிசி குழைஞ்சுபோனா நான் பொறுப்பில்ல!"

பிரியாணி குழைவதா? அலாவுதீன் எழுந்து, முதுகைத் தட்டிக்கொண்டு உள்ளே போனார். அஸ்மத் மசாலாவைக் கரண்டியில் எடுத்து ஊதிக் கையில் விட்டாள். அவர் கண்ணை மூடி நக்கினார். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிப் பிரித்தார்.

"கொஞ்சம்... ஒரு அரைச் சிட்டிகை..."

டமார்!

பாத்திரங்கள் அதிர்ந்தன. இருவரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். கார் கேட்டுப் பக்கம் ஒரு முழம் பின்னால் நகர்ந்திருந்தது. ஜாக்கி படுத்துக் கிடந்தது. சக்கரம் இல்லாத மூலை தரையில் இறங்கி, சிமெண்டுக் கல் இரண்டாகப் பிளந்திருந்தது. அட்டையில் பாதிதான் வெளியே தெரிந்தது. தெரிந்த பாதியில் அலாவுதீனின் கால் இருந்திருக்கும். தெரியாத பாதியில் மற்றதெல்லாம் இருந்திருக்கும்.

அவர் அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அஸ்மத் அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் அலாவுதீன். "நல்ல நேரத்துல உப்புப் பாக்கக் கூப்பிட்ட, அஸ்மத். அரைச் சிட்டிகை போட்டுடு."

"உப்பு சரியாத்தான் இருக்கு."

"என்னது?"

"எப்பவும் சரியாத்தான் இருக்கும். கல்யாணமான நாள்லேருந்து என் கை அளவு மாறினதில்ல."

"பின்ன எதுக்குக் கூப்பிட்ட?"

"ஜாக்கி சாஞ்சுக்கிட்டு நின்னுச்சு. நீங்க அட்டையில படுத்தீங்க. 'போகாதீங்க'ன்னு கத்தியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

அலாவுதீன் யோசித்தார். பொய் சொல்கிற நிலையில் அவர் இல்லை. "இன்னும் வேகமா உள்ள போயிருப்பேன்."

"அதான் உப்பு."

அவருக்குள் ஒவ்வொன்றாக மின்னலடித்தது. கடை முதலாளியிடம் கோபித்துக்கொண்டு ராஜினாமாக் கடிதம் டைப் அடித்த அன்று, அனுப்பப் போகிற நேரத்தில் மீன் குழம்புக்கு உப்புப் பார்க்கக் கூப்பிட்டாள். திரும்பி வந்தபோது கோபம் ஆறியிருந்தது. வாடகைத் தகராறில் வீட்டு ஓனர் சட்டையைப் பிடிக்கக் கிளம்பிய அன்று கறிக்குழம்பு ஆணம். ஸ்டூல் மேல் ஏறி ஏசிக்குள் ஸ்குரூ டிரைவரை விடப் போன அன்று...

"அன்னைக்குப் பாயசம்!" என்று கத்தினார். "பாயசத்துக்கு யாராவது உப்புப் பாப்பாங்களா?"

"நீங்க பாத்தீங்க. கொஞ்சம் கம்மியா இருக்குன்னும் சொன்னீங்க."

அதற்கு மேல் அடக்க முடியாமல் அவள் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, ஆனாலும் சிரித்தாள். அலாவுதீனும் சிரிக்க ஆரம்பித்தார். உயிரோடு தரையில் உட்கார்ந்து பெண்டாட்டியிடம் அவமானப்படுவதில் இவ்வளவு சுகம் இருக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

அன்று ஜும்ஆ தொழுகையில், நெற்றியைத் தரையில் வைத்து அவர் செய்த ஸஜ்தா கொஞ்சம் நீளமாகவே இருந்தது. இவர் தூங்கிவிட்டாரோ என்று பக்கத்திலிருந்தவர் ஓரக்கண்ணால் பார்த்தார். திரும்பி வந்து பிரியாணி சாப்பிட்டார். உப்பைப் பற்றி மூச்சு விடவில்லை. கை கழுவியதும் தானாகவே மாடிப்படி ஏறினார்.

"தம்பி, அந்த ஸ்டாண்டும் ஜாக்கியும்..."

ஹபீப் முகம்மது கதவுக்குப் பக்கத்திலேயே பெட்டியை எடுத்து வைத்திருந்தார். அண்ணன் முறை வைத்து அலாவுதீனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார். "காலையிலேயே சத்தம் கேட்டுது காக்கா. நீங்க எப்படியும் வருவீங்கன்னு தெரியும்."

இரண்டு வருட அட்டைப்பெட்டி வாசலில் பிரிந்தது. அஸ்மத் செல்போனைப் பூந்தொட்டியில் சாய்த்து வைத்து, வீடியோவை முதல் நிமிஷத்திலிருந்து ஓட விட்டாள். ஹேண்ட் பிரேக் ஏறியது. பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்தாகிவிட்டது.

"காலையில பார்க்கிங் கியர்ல போட்டிருந்தேனே? அப்புறம் எப்படி நகர்ந்துச்சு?" என்று அலாவுதீன் கேட்டார். முதல் தடவையாக, கேட்டுத் தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார்.

"நம்ம கார்ல அது முன் சக்கரத்தத்தான் பிடிக்கும். அதுல ஒண்ண நீங்க கழட்டிக் கையில வச்சுக்கிட்டு போட்டோ எடுத்தீங்க. பின்னாடி பிடிக்கறதுக்கு ஹேண்ட் பிரேக்க விட்டா ஆள் கிடையாது."

டிராலி ஜாக்கி காரை நோகாமல் தூக்கியது. அஸ்மத் கை காட்டிய இடத்தில் ஸ்டாண்டை வைத்தார்கள். ஜாக்கியை மெதுவாக இறக்கிக் கார் ஸ்டாண்டின் மேல் உட்காரும்படி விட்டார்கள். கழற்றிய சக்கரத்தைப் படுக்கப் போட்டு, அதையும் காரின் ஓரத்துக்கு அடியில் தள்ளிவைக்கச் சொன்னாள். ஸ்டாண்டு வழுக்கினாலும் சக்கரம் தாங்குமாம். பிறகு தோளைக் கொடுத்துக் காரைத் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை.

அடியில் கிடந்த நட்டைத் துடைப்பத்தால் ஒரே இழுப்பில் வெளியே கொண்டுவந்தாள். அதற்காகவா காலையில் மல்லாக்கப் படுத்தோம் என்று அலாவுதீன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். கியரை நியூட்ரலுக்கு மாற்றச் சொல்லி, தரையில் மோதிய பிரேக் தட்டைக் கையால் சுழற்றிப் பார்த்தாள். கோணாமல் சுற்றியது. அதன் பிறகுதான் வேலையே தொடங்கியது. அவள் சொல்லச் சொல்ல அவர் கழற்றினார், மாட்டினார். சாயங்கால அஸர் தொழுகைக்கு முன்னால் இரண்டு பக்கமும் முடிந்தது.

"வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி பிரேக்க நாலஞ்சு தடவை மிதிங்க" என்றாள். மிதித்தார். கால் கெட்டியாக நின்றது. தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, முனையில் பிரேக் போட்டார். ஒரு சத்தம் இல்லை. கார் வெண்ணெய் மாதிரி நின்றது. நாளைக்குத் தம்மாம். அலாவுதீன் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்து ஒரு பெருமூச்சு விட்டார். காலையிலிருந்து உள்ளே அடைத்துக்கொண்டிருந்த மூச்சு அது.

திரும்பி வந்து இறங்கியபோது ஹபீப் முகம்மது வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு மரியாதை.

"காக்கா, சத்தமே இல்லையே! என் காரும் ஒரு மாசமா இப்படித்தான் கத்துது. பட்டறைக்குப் போகவே மனசில்ல. அடுத்த வெள்ளிக்கிழமை நம்ம வீட்டுலயே மாத்திடலாம்னு பாக்கறேன்."

அலாவுதீன் சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டார். "அதுக்கென்ன தம்பி, தாராளமா வச்சுக்கலாம்."

"அப்ப அஸ்மத் ராத்தாவுக்கு அன்னைக்கு நேரம் இருக்குமான்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க காக்கா. ஸ்பானர் எடுத்துக் குடுக்க நீங்களும் வந்தா நல்லா இருக்கும்."