ஓரம் பார்த்தவர்

‘ஓரம்’ இல்லாதிருந்தால் புதுச்சேரியில் நடந்த கல்யாணங்களில் பாதி நடந்ததாகவே ஆகியிருக்காது.

அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. பதிவு அலுவலகத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் முக்காலி போட்டு மனு எழுதுவார். இரண்டு பேனா, ஒரு மூக்குக்கண்ணாடி. பிரெஞ்சுக் காலத்துப் பிறப்புப் பதிவேட்டில், ஒருவருக்குப் பிற்பாடு கல்யாணம் ஆனால் அதை அதே பக்கத்தின் ஓரத்தில் குறித்து வைப்பது வழக்கம். அந்த ஓரம்தான் அவருக்கு வேதம்.

“நடுவுல இருக்கறது அப்பன் சொன்னது, முசே. ஓரத்துல இருக்கறதுதான் ஆளே செஞ்சது” என்பார். எந்த ஐயாவும் அவருக்குப் பிரெஞ்சுக்காலத்து ‘முசே’தான்.

பழக்கம் முற்றிவிட்டது. சாப்பாட்டு இலையில் ஊறுகாயிலிருந்துதான் ஆரம்பிப்பார். ஒருவர் கல்யாணப் பத்திரிகை கொடுத்தபோது, அடியில் இருந்த அச்சகத்தின் பெயரை மட்டும் படித்துவிட்டு, “நல்ல எடம்” என்று வாழ்த்தினார்.

2003இல் நான் அவரிடம் போய் நின்றேன். பாரிசிலிருந்த கடைசி மகளுக்குப் பிரசவத்துக்கு ஐம்பத்து மூன்று நாள் இருக்கும்போதே அலையத் தொடங்கியிருந்தேன். “அம்மா பக்கத்துல இல்லன்னா பயமா இருக்குப்பா” என்று போனில் அழுதாள். என் மனைவியின் பாஸ்போர்ட்டில் கணவன் பெயர் இல்லை. சேர்க்கத் திருமணப் பதிவின் நகல் வேண்டும். நானோ தேதி, கிழமை, முகூர்த்த நேரம் எல்லாம் எழுதிக் கொடுத்து ஏழு தடவை பதிவு அலுவலகப் படியேறினேன். படிகள் ஒன்பது. ஏழு தடவையும் ஒரே பதில்: “அந்தத் தேதியில உங்க பேர்ல எதுவும் இல்ல, சார்.” ஐம்பத்து மூன்று முப்பத்தெட்டாகிவிட்டது.

ஓரம் என் தாளை வாங்கித் திருப்பி வைத்தார்.

“தேதி கெடக்கட்டும். அம்மா எந்த ஊரு?”

“வில்லியனூர். ஆனா கல்யாணம் நடந்தது இங்க.”

“தாலிய எங்க வேணா கட்டலாம், முசே. மொதல்ல வில்லியனூர்ல அம்மாவோட பொறப்புப் பதிவக் கேளுங்க. பேரு, அப்பா அம்மா பேரு, பொறந்த வருஷம் போதும். முன்ன ஒரு வருஷம், பின்ன ஒரு வருஷம் தேடச் சொல்லி எழுதறேன். கல்யாணத் தேதிய எழுத மாட்டேன்.”

“எனக்குத்தான் நல்லாத் தெரியுமே.”

“நல்லாத் தெரியும்னு வர்றவங்களாலதான் என் பொழப்பே ஓடுது.”

ஐந்தாம் நாள் பிறப்புப் பதிவின் நகல் வந்தது. அவர் விரல் நேராக ஓரத்துக்குப் போனது. பிரெஞ்சில் நான்கு வரி. படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“முசே, நீங்க சொன்ன தேதிக்குப் பத்தொன்பது நாள் முன்னாடியே உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சி. வில்லியனூர்லயே.”

கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு மாமனார் என்னை அங்கே நகராட்சி அலுவலகத்துக்கு அழைத்துப்போய்க் கையெழுத்து வாங்கியது நினைவுக்கு வந்தது. “கல்யாண அறிவிப்பு ஒட்டறதுக்கு” என்றார். தாளெல்லாம் பிரெஞ்சு. நான் படித்தது இங்கிலீஷ். பிரெஞ்சுச் சட்டத்துக்கு அந்தக் கையெழுத்துதான் கல்யாணம். நாற்பத்தொரு வருஷமாக நாள் தவறாமல் எண்ணியவன், எண்ணத் தொடங்கிய இடமே தப்பு.

“அப்ப அந்தப் பத்தொன்பது நாளும்?”

“பொண்டாட்டி இருந்தும் மெஸ்ஸுல சாப்ட்டிருக்கீங்க” என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“தெரியும். அப்பா அன்னிக்கே சொல்லிட்டாரு. சொன்னா நீங்க தூங்க மாட்டீங்கன்னு விட்டுட்டேன். இப்ப எந்தத் தேதிய எழுதிக் குடுக்கறதுன்னு என்கிட்ட கேட்டீங்களா?”

சரியான ஊரும் தேதியும் எழுதிக் கொடுத்ததும் திருமணப் பதிவின் நகல் இரண்டே நாளில் வந்தது. பிரசவத்துக்கு ஆறு நாள் இருக்கையில் மனைவி பாரிசில் இறங்கினாள். பேத்தியை முதலில் கையில் வாங்கியவள் அவள்தான்.

இருபத்து நான்கு மைசூர்பாகு அடங்கிய பெட்டியோடு ஓரத்தைப் பார்க்கப் போனேன். மூலையில் இருந்ததை எடுத்துக்கொண்டார்.

“உங்க பதிவோட ஓரத்துல என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்ல, முசே. வெள்ளையா வெச்சிருக்கேன். படிக்கறவங்களுக்குக் கண்ணு வலிக்காது.”

இப்போது அந்த மரத்தடியில் முக்காலி இல்லை. அந்த வெள்ளை ஓரத்தில் எழுத என்னை விட்டால் ஒரே வரிதான் எழுதுவேன்: இவரால் என் இல்வாழ்க்கையில் பத்தொன்பது நாள் கூடியது.